உப்பு குடித்த தளம்

மொட்டைமாடியை உடைக்க ஆரம்பித்த அன்றே நாற்றம் தெருவுக்கு இறங்கிவிட்டது.

ராயபுரத்தில் மீன் வாசனை யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. காற்று கடல் பக்கமிருந்து அடித்தால் வரும், திசை மாறினால் போய்விடும். ஆனால் இது போகவில்லை. டிரில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு, கூலிக்கு வந்திருந்த தெருப் பையன் நிலவன் ஒரு காங்கிரீட் கட்டியைக் கையில் எடுத்து முகர்ந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடியிலிருந்தே கத்தினான்.

"இன்னா நைனா, தளத்துக்கு ஜல்லி போட்டியா, கருவாடு போட்டியா?"

உடைத்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். கீழே நின்ற வீட்டுக்காரர் ராமதாஸும் சிரித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது. எந்த மூலையை உடைக்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தார். கிழக்கு மூலை. அவருடைய சிமெண்ட் தொட்டி இருந்த மூலை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் ராமதாஸ். கீழ் வீட்டில் அவரும் மனைவி செங்கொடியும் இருந்தார்கள். மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். அவருக்கு ஊரில் ஒரு பேர் உண்டு என்றால் அது கருவாட்டால் வந்த பேர். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் காசிமேட்டு மீன் ஏலத்தில் எடுத்துக் கட்டாவும் பன்னாவும் வாளையும் கூடை கூடையாகக் கொண்டுவருவார். மொட்டைமாடித் தொட்டியில் கல்லுப்பு போட்டு ஊறவைத்து, தளத்தில் பரப்பிக் காயவைப்பார். தடைக்காலத்தில் தெருவில் எந்த வீட்டிலும் குழம்புக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். தொட்டியில் மிஞ்சிய உப்புத் தண்ணீரை அங்கேயே தளத்தில் கவிழ்த்து, தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிடுவார். தண்ணீர் குழாய் வாய்க்குப் போனதைவிடத் தளத்துக்குள் போனதுதான் அதிகம் என்பது இப்போது தெரிகிறது.

சுடலைராஜ் மாடிப்படியில் நின்று அவரைக் கூப்பிட்டார். திருச்செந்தூர் பக்கத்துக்காரர். மெட்ராஸுக்கு வந்து கான்ட்ராக்டராகி, பாதி தொண்டையார்பேட்டைக்குத் தளம் போட்டவர்.

"அண்ணாச்சி, கொஞ்சம் மேல வாங்க. ஒண்ணு காட்டுதேன்."

உடைத்த இடத்தில் தளம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் பழைய காங்கிரீட். அதன்மேல் ஓடு. ஓட்டின்மேல் சிமெண்ட் பூச்சு. அதன்மேல் கறுப்பாக ஏதோ தார்ச் சீட்டு. அதற்கும் மேல் வெள்ளைப் பெயிண்ட். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு தடவையும் "இதோட முடிஞ்சிது" என்று சொல்லித்தான் ராமதாஸ் பணம் கொடுத்தார்.

"மேல மேல பூசினா ஒழுக்கு நிக்காது, அண்ணாச்சி. உள்ள எறங்குன தண்ணி வெளிய போகாம கதவ சாத்துன மாதிரிதான். இந்தா பாருங்க." கம்பியைத் தொட்டார். சருகு போல் உதிர்ந்தது. "ஒழுகின அன்னைக்கே இந்த மூலைய மட்டும் ஒடச்சுப் பாத்திருந்தா இதோட போயிருக்கும். இப்ப முழுசையும் எடுக்கணும்."

"நீ சொன்ன ரேட்டுக்குள்ள முடியுமா?"

"நான் சொன்னது புதுத் தளத்துக்கு. எடுக்கதுக்கு தனி. சந்துக்குள்ள லாரி வராது, குட்டி யானை வண்டிலதான் இடிச்ச ரப்பீஷ அள்ளணும், நடைக்கு நடை காசு. முட்டுக் குடுக்கணும். தண்ணி டேங்க எறக்கி ஏத்தணும். கைப்பிடிச் சுவரு போகும், அதக் கட்டணும். கரண்டு பைப்பு புதுசா பதிக்கணும். தளம்னு எல்லாரும் கம்பியையும் சிமெண்டையும்தான் கணக்குப் பாக்காங்க."

அஞ்சு லட்சத்தைத் தாண்டும் என்றார். ராமதாஸ் தலையாட்டினார். அவர் கண் மேற்கு மூலையில் இருந்தது. அங்கே தளத்தில் வட்ட வட்டமாகத் தடம். பெயிண்ட் டப்பாக்கள் இருந்த தடம். அந்தப் பக்கத்தையும் ஓர் ஓரம் உடைத்திருந்தார்கள். அங்கே கம்பி துருவில்லாமல், போட்ட அன்று இருந்தது போலவே இருந்தது.

அந்த டப்பாக்கள் ஜஹானாராவுடையவை.

மாடியில் குடியிருந்தவள். கணவன் இல்லை. மகள் உஸ்மா பள்ளிக்கூடம் போகிறாள். ஜஹானாரா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். பெயிண்ட் டப்பாவில் மிளகாயும் கறிவேப்பிலையும் மருதாணியும் வளர்த்தாள். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள் அந்த மருதாணிக்காகத் தெருப் பெண்கள் படியேறிக்கொண்டே இருப்பார்கள். செங்கொடியும்.

போன கார்த்திகை மழையில் மாடி வீட்டுக் கூடத்தில் கூரையிலிருந்து ஒரு காரைப் பாளம் பெயர்ந்து விழுந்தது. தையல் மெஷின்மேல் விழுந்தது. உஸ்மா அப்போதுதான் அங்கிருந்து எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தாள். ஜஹானாரா கீழே ஓடிவந்து சொன்னாள். வாசலில் நின்ற ராமதாஸ் அவள்மேல் பாய்ந்தார்.

"செடி வெக்காத வெக்காதன்னு சொன்னேனா இல்லியா? தெனம் தண்ணி ஊத்திகினு கீறியே, தளம் இன்னாத்துக்கு ஆவும்?"

அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கும் தெரியும்.

"அண்ணா, செடி இந்தப் பக்கம் கீது. ஒழுகறது ஒங்க தொட்டி கீதே, அந்த மூலைல. வந்து பாருங்கண்ணா."

"வாடகைக்கு வந்தவ, எனக்கு கட்டடம் கத்துத் தர்றியா?"

இஸ்திரி வண்டிக்காரர் கோதண்டமும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆளிருந்ததால் அவர் குரல் ஏறியது. வூட்டைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டாள் என்றார். இடம் கொடுத்தது தன் தப்பு என்றார். மாடிக்குப் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தெருவில் போட்டார். மருதாணிச் செடி வேரும் மண்ணுமாகச் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. ஜஹானாரா கீழே நின்று பார்த்தாள். அழவில்லை. மாசக் கடைசியில் எர்ணாவூருக்குப் போய்விட்டாள்.

அவள் போன மறுநாள் விடியுமுன் ராமதாஸ் கடப்பாரையால் தொட்டியை உடைத்து, துண்டுகளைச் சாக்கில் கட்டிக் கீழே இறக்கினார்.

"இன்னாத்துக்கு இப்ப?" என்று செங்கொடி கேட்டாள்.

"சும்மாதான்."

அன்றிலிருந்து செங்கொடி அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

தளத்தை முழுசாக இறக்கி முடித்த அன்று ராமதாஸ் பஸ் பிடித்து எர்ணாவூருக்குப் போனார். விசாரித்து விசாரித்து அவள் இருந்த அடுக்குமாடி பிளாக்கைக் கண்டுபிடித்தார். கதவைத் திறந்த ஜஹானாரா உள்ளே வரச் சொன்னாள். நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். அதையெல்லாம் அவள் செய்தது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தப்பு என்னுதுமா. தொட்டித் தண்ணிதான். கம்பி பூரா போச்சு. புதுத் தளம் போடறேன். நீ வந்துடு. வாடகை ஏத்தமாட்டேன்."

அவள் பிரித்துக்கொண்டிருந்த தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உஸ்மாவ இங்க இஸ்கூல்ல சேத்தாச்சுண்ணா."

"அப்ப... மன்னிச்சுட்டேன்னாவது சொல்லு."

"என்கிட்ட எதுக்குண்ணா சொல்றீங்க? அன்னிக்கு என்கிட்டயா சொன்னீங்க? தெருவுல சொன்னீங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "துணிக்கடைக்காரர் வூட்டம்மா கேக்குது, நீ குடியிருந்த வூட்ட ஒழுக வெச்சியாமேன்னு. இங்க வூடு பாக்க வந்தப்பகூட, செடி வெக்கமாட்டேன்னு சொல்லிட்டுதான் உள்ள வந்தேன்."

அவளுடைய ஜன்னலில் ஒரு டப்பாகூட இல்லை. ராமதாஸ் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து வெளியே வந்தார்.

காங்கிரீட் போடுகிற நாளில் மிக்ஸர் மெஷினும் ஜல்லியும் சந்து முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அந்தத் தொந்தரவுக்காக, வேலை செய்பவர்களோடு தெருவுக்கும் சேர்த்து வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். செங்கொடியின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தாலும் பிரியாணி வந்தது. மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவில் போட்ட பந்தலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கோதண்டம் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "மாமு, மாடிக்கு ஆள் வெக்கறப்ப உஷாரா வெய்யி. இந்த வாட்டியும் செடி வெக்கற பார்ட்டிய கூட்டிகினு வந்துடாத. அந்தம்மா ஒரு தளத்தையே முழுங்கிட்டுப் போயிடுச்சு."

நாலு பேர் சிரித்தார்கள். ராமதாஸ் கையில் பரிமாறும் கரண்டி இருந்தது. ஒரு கரண்டி அதிகமாக வைத்துவிட்டு நகர்ந்திருந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிருக்கும். செங்கொடி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"அந்தம்மா மேல தப்பு இல்ல," என்றார்.

யார் காதிலும் விழவில்லை. மறுபடி, சத்தமாகச் சொன்னார். பந்தல் அடங்கியது.

"தளம் போனது என் கருவாட்டுத் தண்ணில. மேல பூசிப் பூசி மறச்சது நான்தான்."

"வுடு மாமு, நமக்கு தெரியாம நடந்துபோச்சு..." என்றார் கோதண்டம்.

"தெரியும்." கரண்டியை அண்டாவில் வைத்தார். "அந்தப் பொண்ணு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் கத்தினேன். அது போன மறுநாள் நானே தொட்டிய ஒடச்சு எடுத்தேன். இவளக் கேளு."

கோதண்டம் தன் இலையைப் பார்த்தார். அத்தனை வருஷம் அந்தக் கருவாட்டைத் தின்றவர்கள் எல்லாரும் இலையைத்தான் பார்த்தார்கள். பந்தலின் மறுகோடியிலிருந்து நிலவன் மட்டும் கேட்டான்: "அப்போ அந்தச் செடிங்கள இன்னாத்துக்கு நைனா ரோட்ல போட்ட?"

ராமதாஸ் கரண்டியை மறுபடி எடுத்து, யாருக்கும் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். சுடலைராஜ் எழுந்து போய் மெஷினைப் போடச் சொன்னார். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

புதுத் தளம் இறுகுவதற்காக அதன்மேல் சிமெண்ட் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். போர்வெல் தண்ணீர் உப்பு, அதை ஊற்றக்கூடாது என்று சுடலைராஜ் சொல்லியிருந்தார். ராமதாஸ் விடிகாலையில் எழுந்து குழாயில் வரும் மெட்ரோ வாட்டரைக் குடம் குடமாகப் பிடித்து மாடிக்குச் சுமந்தார். அது தடைக்காலத்துக்கு முந்தைய வாரம். அவர் காசிமேட்டுக்குப் போகவில்லை. அதற்குள் தெரு அவர் வீட்டுக்கு வேறு பேர் வைத்திருந்தது. தபால்காரரிடம்கூட "கருவாட்டுத் தளம் வூடு" என்றுதான் வழி சொன்னார்கள்.

ஜஹானாராவிடமிருந்து போன் வரவில்லை. அவருக்குப் போட தைரியம் வரவில்லை. அந்தத் துணிக்கடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போன செங்கொடிதான் ஒரு சாயங்காலம் வந்து சொன்னாள்: கடைக்காரர் வீட்டம்மா வரைக்கும் அவர் பந்தலில் சொன்ன விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டாள்.

மறுநாள் காலை குடத்தோடு படியேறும்போது கீழேயிருந்து கோதண்டம் குரல் கொடுத்தார்.

"இன்னா மாமு, இந்த வருசம் இன்னா ஊறுது மேல?"

தெரு சிரித்தது. ராமதாஸ் நின்று, குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டார்.

"என் மானம்தான்," என்று சொல்லிவிட்டு மேலே போனார்.