தேன் தடவிய ஹீப்ரு

பிறந்த வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வேலைக்கு வந்த இஸ்ரேல் வீட்டிலோ ஊமை. ஹீப்ரு பேசும் அந்தப் பெரியவருக்கு எல்லாமே படுக்கையில்தான். ஊட்டுவது, துடைப்பது, கழுவுவது இவள் வேலை. ஏஜென்சியில் கற்ற புத்தக ஹீப்ருவில் வாயைத் திறந்தால், பெரியவரின் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துத் தொலைக்கட்டும். ஆனால் வாயாடிக்கு லீவு வேண்டும். அவள் பெண்ணுக்குத் தலைப்பிரசவம்.

"அம்மா, வருவியா மாட்டியா? உறுதியா சொல்லு," என்று பெண் போனில் அழுதாள்.

"வராம எங்கடி போவேன்? நீ உடம்பைப் பாத்துக்கோ."

சிநேகமாகப் பேசினால் காரியம் நடக்கும் என்று, வீடியோ பார்த்துப் பார்த்துப் பேச்சு ஹீப்ரு கற்றாள். மூத்திரத் துணி அலசும்போதும் காதில் அதுதான். 'சபாபா' என்றால் பிரமாதம். 'நெஷாமா' என்றால் என் உயிரே. 'யிஹ்யே பெசேதெர்' என்றால் எல்லாம் சரியாகிவிடும். 'ஃப்ராயெரித்' என்றால், எவரும் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போகிற இளிச்சவாய்ச்சி.

கற்றதை வைத்துப் பெரியவரின் மகளிடம் கொஞ்சிக் குழைந்து லீவு கேட்டாள். மகள் பூரித்துப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"நெஷாமா! என்ன அழகா பேசுற! லீவுதானே? யிஹ்யே பெசேதெர்."

ஒவ்வொரு மாதமும் கன்னத்தில் ஒரு தட்டு, அதே நெஷாமா. லீவைத்தான் காணோம்.

அன்று மதியம் பெரியவருக்கு வயிறு கலங்கிவிட்டது. வாயாடி மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் மகள் தோழியிடம் போனில் பேசுவது ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"லீவா? யார் குடுத்தா? ரெண்டு தடவை நெஷாமான்னா குளுந்துபோயிடுவா. சரியான ஃப்ராயெரித்!"

சீ! இத்தனை நாள் மலம் அள்ளியபோது வராத குமட்டல் அப்போது வந்தது. நெஷாமாவாம் நெஷாமா! அந்த எச்சில் சொல்லைத் தானும் இளித்துக்கொண்டு சொன்னோமே என்று நினைக்க நினைக்க, தன் நாக்கே அவளுக்கு அருவருத்தது.

பெரியவர் என்ன செய்வார் பாவம். அவரைச் சுத்தமாகக் கழுவி, வேறு உடை மாற்றி, போர்த்திவிட்டாள். பிறகு பெட்டியைக் கட்டினாள். நாறும் துணி வாளியை மகளின் காலடியில் வைத்து, புதுக் கையுறை ஒரு ஜோடியை அவள் கையில் திணித்தாள்.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன இது? எங்க கிளம்பிட்ட?"

"என் பொண்ணு பிரசவத்துக்கு."

"அப்பாவை யாரு பாக்கறது?"

வாயாடி அவள் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"நெஷாமா," என்றாள், "யிஹ்யே பெசேதெர்."