வளவில் நின்ற மீன் தொட்டி

ராமநாதனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பள்ளத்தூரில் அவரிடம் அறை வாங்காத எலெக்ட்ரீசியன் இல்லை, மெக்கானிக் இல்லை. ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் அதையும் உதைப்பார். உதைத்தபின் கிளம்பித் தொலைத்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி ‘பாத்தீகளா’ என்பார். அடி தாங்குவதுதான் நல்ல சாமான் என்பது அவர் கட்சி. இந்த மனிதரிடம் வாதாடி யார் ஜெயிப்பது?

அவர் கை ஓங்காத ஒரே ஆள் தம்பி மகள் சிவரஞ்சனி. தனக்குப் பிள்ளை இல்லாத குறையை அந்தப் பெண்ணால்தான் மறந்திருந்தார். அவளுக்கு அடுத்த வாரம் கல்யாணம்.

கல்யாணம் பூர்வீக வீட்டில்தான் நடந்தாக வேண்டும். அண்ணன் தம்பிக்கு அந்த வீட்டில் அறைகள் ஆளுக்குப் பாதி. நடு முற்றத்தைச் சுற்றித் தூண் வரிசையோடு ஓடும் தாழ்வாரமான வளவு மட்டும் பொது. இருவரும் சம்மதிக்காமல் அங்கே ஓர் ஆணி அடிக்கக் கூடாது. ராமநாதனோ, தன் பாதியை விடுதியாக்கிய காலத்தில், சென்னையில் இருந்த தம்பியை ஒரு வார்த்தை கேட்காமல் வளவில் ஏழடி நீளத்துக்கு, கண்ணாடி போலவே தெரிகிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஒரு மீன் தொட்டியை இறக்கிவிட்டார். அது ஆயிற்று பன்னிரண்டு வருஷம். தினமும் காலையில் அதை உள்ளங்கையால் பளாரென்று அடித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். உள்ளே இரண்டு அரவானா மீன்களும் பதறி ஓடும்.

கல்யாண வேலைக்கு வந்திறங்கிய தம்பி மெய்யநாதன் தொட்டியைப் பார்த்ததும் முகம் கடுத்தார்.

“அண்ணே, இதுக்கு முன்னாடிதான் மணவறை வரும். பொண்ணு மாப்பிள்ளை ஒக்கார்ற எடத்துல இம்புட்டுத் தண்ணியா? பழசாயிப் போச்சு, எடுத்துருவோம்.”

“ஏன்டா, ஒன் தலையிலயா வச்சிருக்கேன்?”

மெய்யநாதன் விடவில்லை. மறுநாள் காலையில் காரைக்குடியிலிருந்து இமானுவேலைக் கூட்டிவந்தார். மீன் தொட்டி செய்து விற்கிறவர். வளவில் அப்போது ஆட்கள் கல்யாணத்துக்காகத் தேக்குத் தூண்களைப் பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைத் துளைக்கிற நெடி.

இமானுவேல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தார். நேராகப் பார்த்தால் பளிங்காயிருந்த சுவரில், தலைமுடியை உதிர்த்துவிட்ட மாதிரி மெல்லிய கீறல்கள் ஓடின. நீளமான இரும்பு ஸ்கேலை முன்பக்கம் வைத்தார். நடுவில் ஒட்டி, இரண்டு ஓரமும் விலகி நின்றது. தொட்டிக்கு வயிறு தள்ளியிருந்தது. குனிந்து அடியைப் பார்த்தார். மழைத்தண்ணீர் முற்றத்துக்கு ஓடட்டும் என்று வளவுத் தரையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். அந்தச் சரிவுக்கு ஈடுகட்ட ஸ்டாண்டின் முன்கால்களுக்கு மரத்துண்டு கொடுத்திருந்தது. துண்டு நசுங்கி, முன்மூலை இறங்கியிருந்தது. அந்த மூலையில் ஒட்டு வெளுத்துக் கிடந்தது.

“தொட்டியை எதை வச்சுத் தொடைக்கிறீக?” என்று ராமநாதனைக் கேட்டார்.

“தூணுக்குப் போடுற தின்னர்தான். நானே என் கையால தொடைப்பேன். எப்புடிப் பளபளன்னு இருக்கு பாத்தீகளா?”

இமானுவேல் முகம் மாறியது. “அண்ணே, கண்ணாடிக்கு அது ஒண்ணும் செய்யாது. அக்ரிலிக்குக்கு வெசம். கீறல் பூரா அதனாலதான். எப்பப் போகும்னு என்னால சொல்ல முடியாது. இன்னிக்கும் போகலாம், ஆறு மாசமும் தாங்கலாம். நான்னா இப்பவே தண்ணியை எறக்கிருவேன்.”

“தம்பி சொல்லிக்குடுத்து வாரீகளாக்கும்?”

சிவரஞ்சனி பக்கத்தில் வந்து நின்றாள். “பெரியப்பச்சி, ஒடைஞ்சுறாதுல்ல?”

“நான் இருக்கேன்ல, ஆத்தா. இங்க பாரு.” ஓங்கி ஓர் அறை விட்டார். தொட்டி அதிர்ந்து நின்றது. முஷ்டியால் குத்தினார். நின்றது.

“ஒனக்குக் கிறுக்காண்ணே?” மெய்யநாதன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “எம் பொண்ணு உக்கார்ற எடம்! வளவு ஒனக்கு மட்டும் எழுதி வச்சதா?”

பன்னிரண்டு வருஷத்துக் கோபம் அதில் இருந்தது. ராமநாதன் தம்பியின் கழுத்தைப் பிடித்தார். மெய்யநாதன் அவர் வாயில் குத்தினார், உதடு கிழிந்தது. தூண் துடைத்தவர்கள் ஓடிவருவதற்குள் ராமநாதன் தம்பியின் பிடரியைப் பற்றித் தொட்டிச் சுவரிலேயே மோதினார். ஒரு தரம். இன்னொரு தரம்.

“ஒடைஞ்சுச்சா? சொல்லுடா, ஒடைஞ்சுச்சா?”

தொட்டி உடையவில்லை. மெய்யநாதனின் நெற்றிதான் உடைந்தது. அவர் சரிந்து விழ, இமானுவேல் அவரை வாசல் பக்கம் இழுத்துப் போய்க் காயத்தைத் துண்டால் பொத்தினார். ராமநாதன் மூச்சு வாங்க நின்றார். வெட்கமாயில்லை அவருக்கு, ஜெயித்துவிட்டதாகவே இருந்தது.

சிவரஞ்சனி அழவில்லை. தொட்டியில் அப்பாவின் ரத்தம் வழிவதை அவளால் பார்க்க முடியவில்லை. தூணடியில் தின்னர் ஊறிக் கிடந்த ஈரத்துணியை எடுத்து, பெரியப்பச்சி வழக்கமாகத் துடைப்பதுபோலவே அழுத்தித் துடைத்தாள். ராமநாதன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவர் தினம் செய்கிற வேலைதானே, ஒன்றும் தோன்றவில்லை.

“துணியைப் போடும்மா! இங்குட்டு வா!” இமானுவேல் அலறினார்.

துணிக்கு அடியில் கீறல்கள் ஒன்றையொன்று தேடி ஓடுவதை ராமநாதன் கண்ணால் கண்டார். முன்மூலை வெடி மாதிரி சத்தம் போட்டது. சுவர் பிளந்து சாய்ந்தது. டன் கணக்கில் தண்ணீர் அவளை அடித்துத் தரைச் சரிவில் உருட்டி முற்றத்துக் கருங்கல்லில் கொண்டுபோய்ப் போட்டது. கூடவே போன அக்ரிலிக் துண்டு அவள் கெண்டைக்காலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. முற்றத்துத் தண்ணீர் சிவந்துகொண்டே போனது. மீன்கள் அதில் துள்ளித் துள்ளி விழுந்தன.

ராமநாதன் வழுக்கி விழுந்து, தவழ்ந்து போய்ச் சேர்ந்தார். வேட்டியைக் கிழித்துக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். விரலிடுக்கில் சூடாகக் கொப்பளித்தது. இன்னும் அழுத்தினார், ரத்தம் மட்டுப்பட்டது. தூண் துடைத்தவர்களில் ஒருவர் நூற்றியெட்டுக்குப் போன் போட்டார்.

அப்போதுதான் முதல் அடி முதுகில் விழுந்தது. மெய்யநாதன். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, தொட்டி ஸ்டாண்டிலிருந்து தெறித்த மரக்கட்டையைக் கையில் வைத்திருந்தார். முதுகில் அடித்தார், தோளில் அடித்தார், காதோரம் அடித்தார். “எம் பொண்ணைக் கொன்னுட்டியேடா! கொன்னுட்டியேடா!” அண்ணனை அவர் வாழ்நாளில் ‘டா’ போட்டதில்லை.

ராமநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். தடுக்க ஒரு கையை எடுத்தால் போதும், காயத்தில் வைத்த துணி நழுவிவிடும். சிவரஞ்சனியின் உதடு வெளுத்திருந்தது. “வலிக்குது பெரியப்பச்சி,” என்றாள். “தெரியும் ஆத்தா, தெரியும்,” என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி அவள் காலில் விழுந்தது.

இமானுவேல் ஓடிவந்து மெய்யநாதனின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார்.

“விடுங்க, அடிக்கட்டும்,” என்றார் ராமநாதன், தலையைத் தூக்காமல். “கையை எடுக்க மட்டும் சொல்லாதீக.”