ஏன் பூஜ்யம் இல்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, என் கொழுந்தியாள் போட்ட பிச்சை. வேலையிடங்களுக்குப் போய் ஆட்களை உட்காரவைத்துப் பேசவைப்பது அவள் தொழில். அவள் முறையில் பிரச்சினையைத் தோண்டுவதே கிடையாது. ஏற்கெனவே எது கொஞ்சமாவது சரியாக நடக்கிறது, அது இன்னும் ஒரு துளி கூடினால் எப்படித் தெரியும், இவ்வளவுதான் கேள்வி. "பிரச்சினை இல்லாம ஒரு பேச்சா? உப்பில்லாம சமையலா?" என்று கிண்டலடித்தேன்.

"நேர்ல வந்து பாருங்க அத்தான். ஆனா வாயத் திறக்கக் கூடாது. நோண்டி நோண்டிக் கேட்டீங்க, அக்காகிட்ட சொல்லிடுவேன்."

சம்பந்தப்பட்டவர்களும் சம்மதித்தார்கள். மூலையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: "மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நீராவி ஒரு தீராத துக்கத்தைப் போல—"

சே. நீராவி நீராவி மாதிரிதான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் மேசையில் இரண்டு பெண்கள். ஒருத்தி அண்ணி. மற்றவள் அவள் நாத்தனார், கணவனின் தங்கை. ஒரே வீடு, ஒரே ஷிப்ட், இரண்டு வருடமாக ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை இல்லை. (இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.)

அறுவை அறைக்குப் போக வேண்டிய துணி இரண்டு முறை வார்டுக்குப் போய்விட்டது. ஒருத்திக்குத் தெரிந்ததை அவள் மற்றவளிடம் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு மாற்றல் உத்தரவு ஒன்றை அடித்துவிட்டார். ஒருத்தி வெளியூர்க் கிளைக்குப் போக வேண்டும். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. கெடு பத்து நாள்.

[வெறும் மாற்றல்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் நாத்தனாரின் அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பகலுக்குப் பணிப்பெண்ணும் அவள் மகளும் வருகிறார்கள். மற்ற நேரமெல்லாம் இவர்கள் இருவரும்தான் அந்த அம்மாவைப் பிடித்துப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஒருத்தி போய்விட்டால் அந்த உடம்பு என்ன ஆகும்?]

3

ஏன் சண்டை? எழுதுகிறவனுக்கு இது ஒரு தீராத அரிப்பு. மூன்று காரணங்கள் தயாரித்தேன். முதலாவது, நகை. (எல்லாக் கதையிலும் நகை!) இரண்டாவது, அண்ணனுக்குப் பார்த்த பழைய சம்பந்தம். மூன்றாவது, யாரோ யாரைப் பற்றியோ ஏதோ சொன்னதாக யாரோ—

அடித்துவிட்டேன். கொழுந்தியாள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குத் தலை வெடித்தது.

அவள் கேட்டது இது. "பத்துன்னா, வேலைக்கு வேண்டியத ரெண்டு பேரும் பேசிக்கறீங்க. பூஜ்யம்னா அதுக்கு நேர் எதிர். இன்னிக்கு எங்க இருக்கீங்க?"

"ரெண்டு," என்றாள் நாத்தனார்.

"எனக்கு ஒண்ணுதாங்க," என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்து.

நானாக இருந்தால், மீதி ஒன்பது எங்கே போச்சு என்று கேட்டிருப்பேன். கொழுந்தியாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒண்ணா! எப்படி ஒண்ணு? ஏன் பூஜ்யம் இல்ல?"

அண்ணி திகைத்துவிட்டாள். அவளை இதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அதான்... துணி மடிக்கறோமே."

"காட்டுங்களேன்."

மடித்துக் காட்டினார்கள். எவ்வளவு பெரிய விரிப்பு! ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறல், பாதி, மறுபடி பாதி, நடந்து வந்து முனையோடு முனை. ஒரு பிசகு கிடையாது. முகத்தை முகம் பார்க்கவும் இல்லை.

"எப்போ மடிக்கணும்னு எப்படித் தெரியுது?"

"அவங்க லேசா இழுப்பாங்க," என்றாள் நாத்தனார். "அப்போ நான் திரும்பணும்."

"அவ கை தளர்ந்தா நான் நிறுத்திடுவேன்," என்றாள் அண்ணி. "அவளுக்குத் தோள்பட்டை வலி உண்டு."

ஐயோ, அந்த நிமிடம்! இரண்டு வருடமாகப் பேசாத ஒருத்தியின் தோள்பட்டை வலி இவள் விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருடமாக எழுதுகிறேன், மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று பட்டது.

"இப்படி வேற எங்க நடக்குது?"

நாத்தனார் மடித்த விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "வீட்ல. அம்மாவைப் புரட்டும்போது."

4

(சந்தேகக் குறிப்பு: முதல் வரைவில் அண்ணியை அழுத்தக்காரி என்று எழுதியிருந்தேன். அந்த வார்த்தையை எடுத்துவிட்டேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விடுகிறேன்.)

"அந்த ஒண்ணு ஒன்றரை ஆனா, முதல்ல எது வித்தியாசமா இருக்கும்?" என்று கேட்டாள் கொழுந்தியாள்.

"எனக்கென்னங்க தெரியும்," என்றாள் அண்ணி.

"சரி, ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்க." அவ்வளவுதான். அறிவுரை இல்லை, கையைப் பிடித்துச் சேர்த்துவைக்கவில்லை. வெளியே வந்ததும், "இதுக்குப் போய் சம்பளமா?" என்று கேட்டுத் திட்டு வாங்கினேன்.

5

அடுத்த சனிக்கிழமை. மேற்பார்வையாளரும் வந்து உட்கார்ந்திருந்தார், சட்டைப்பையில் அந்த உத்தரவோடு.

"போன வாரத்துலேர்ந்து எது கொஞ்சம் பரவாயில்ல?" என்று ஆரம்பித்தாள் கொழுந்தியாள்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அண்ணி.

நாத்தனார் நிமிர்ந்தாள். கொழுந்தியாளைப் பார்க்காமல் நேராக அண்ணியைப் பார்த்தாள். "வியாழக்கிழமை காலைல அம்மாவைப் புரட்டினப்போ 'மெதுவா'ன்னு சொன்னீங்களே, அண்ணி."

"அது அத்தைகிட்ட சொன்னது."

"அம்மாவுக்குத்தான் சுத்தமா காது கேக்காதே."

மேற்பார்வையாளர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கொழுந்தியாள், சத்தியமாகச் சொல்கிறேன், வாயே திறக்கவில்லை.

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் உத்தரவைக் கிழிக்கிறார்: சினிமா. பெயரை எழுதிவிடுகிறார்: கை வரவில்லை. அண்ணி பழைய காரணத்தைச் சொல்லி அழுகிறாள்: அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவர் முடிவைச் சொல்லப்போவது திங்கட்கிழமை. நான் இதை எழுதுவது சனிக்கிழமை மதியம். ஆகவே முடிவு உங்கள் கையில். நன்றாக யோசித்து எழுதுங்கள், அவசரமில்லை. ஆனால் இன்று மாலை ஐந்தரைக்கு அந்த அம்மாவைப் புரட்டிப் போட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.