கோக்கோவுக்கு எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோக்கோவைக் குளிப்பாட்டினேன். கோக்கோ, என் மகள் சாந்தினியின் கினிப்பன்றி; பார்க்கப் பெரிய எலி மாதிரி இருக்கும். சத்தியசீலனும் நானும் பிரிந்தபின் அவள் அப்பாவோடு சுங்கைப் பட்டாணிக்குப் போய்விட்டாள். அங்கே அவருடைய புது மனைவிக்குப் பிராணிகள் ஆகாது. ஆகவே கோக்கோ கூண்டோடு லூனாஸ் ஊரில் என்னிடமே தங்கிவிட்டது. ஞாயிறுதோறும் அதன் நகத்தை வெட்டி முடியைச் சீவிவிட சாந்தினி வருவாள். பக்கத்து வீட்டு மருதம்மாளிடம், என்னைப் பார்க்க வருகிறாள் என்று சொல்லிக்கொள்வேன்.

இரண்டு நாளாக அது சொறிந்துகொண்டே இருந்தது. முடியைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளையாகப் பேன் நகர்ந்தது. சாந்தினி பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. சிறு வயதில் அவளுக்குப் பேன் பிடித்தபோது செய்ததையே செய்தேன். வேப்பிலை போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, ஆறவைத்து, உடம்பு முழுக்கத் தேய்த்தேன். அரை மணி நேரம் ஊறவிட்டேன். பிறகு சீயக்காயும் வெந்நீரும். எண்ணெய் போகவில்லை. மறுபடியும் சீயக்காய். மூன்றாம் முறை பாத்திரம் கழுவும் சோப்பு.

"என்னா பிரேமா, எலிக்குத் தீபாவளியா?" என்றாள் மருதம்மாள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. நானும் சிரித்தேன்.

பத்து மணிக்கு அது நடுங்கத் தொடங்கியது. துண்டில் சுற்றி வைத்தேன். மத்தியானம் புல்லைத் தொடவில்லை. மாலையில் வெள்ளரித் துண்டை வாயருகே பிடித்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். சாந்தினியின் நம்பரை மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அவள் வந்தாள். சத்தியசீலன் வழக்கம்போல் வாசலில் நிறுத்திய காடியின் டிரைவர் சீட்டிலேயே இருந்தார். கூண்டின் முன் உட்கார்ந்தவள் தொடாத புல்லை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து சாப்புடல?"

"நேத்து காலைலேர்ந்து."

"ஒரு நாள் சாப்புடலன்னாலே செத்துரும்மா. ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா."

"நீ பயந்துருவேன்னு..."

"நீங்கதாம்மா பயந்தீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கோக்கோவை எடுத்துத் தன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். காடி ஜன்னலருகே நின்று யாரிடமோ போனில் பேசினாள். சத்தியசீலன் இறங்கி உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல் கூண்டைத் தூக்கினார்.

"அங்க ஒத்துக்குவாங்களா?" என்று அவளைக் கேட்டேன்.

"என் ரூம்ல வெச்சிக்கலாம்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க. இப்ப பினாங்குல ஒரு டாக்டர்ட்ட போறோம்."

"அடுத்த வாரம் வருவதானே?"

"பாக்கலாம்மா."

இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கியபடி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. சட்டைக் கழுத்தை லேசாக விரித்து, தலை குனிந்து, உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காடி நகரும்வரை அவள் உதடுகள் அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது.