இரண்டு தட்டு

1995-இல் எங்கள் கல்லூரியின் முக்குளிப்புக் கழகத்தில் மாணவர்கள் ஏழு பேர். ஆறு பேர் சாதாரணமாக மூச்சு விட்டோம். ஏழாவது ஆள் வாசு.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரனான வாசு, மினிபஸ்ஸைத் துரத்திப் பிடித்தவன் போல நாள் முழுதும் மூச்சு விடுவான். தரையில் இதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தண்ணீருக்கு அடியில், முதுகில் கட்டிய சிலிண்டரில் இருப்பதுதான் மொத்தக் காற்று. அதை அவன் கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி காலி செய்தான்.

கழகத்தின் விதி எளிது. சுபாங் ஜெயா நீச்சல் குளத்தில் 120 பார் அழுத்தத்துடன் இறங்க வேண்டும். நாற்பது நிமிடம் கழித்து மேலே வரும்போது ஐம்பது பார் மிச்சம் இருக்க வேண்டும். இருந்தால் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகலாம். மூன்று வாய்ப்பு. வாசு முதல் முறை 31-உடன் வந்தான், இரண்டாம் முறை 42-உடன். அவனுக்கு அது கடைசி ஆண்டு. மூன்றாவது முறையும் தவறினால், கடல் என்பது அவனுக்குக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பார்ப்பது மட்டும்தான்.

ஒரு மாதம் பயிற்சி செய்தான். பாடம் நடக்கும்போதுகூட மெதுவாக மூச்சு விட்டான். விரிவுரையாளர் இரண்டு முறை அவனைத் தூங்குவதாக நினைத்து எழுப்பினார்.

மூன்றாவது தேர்வுக்குப் புனிதவதி, கைக்கடிகாரம் போலக் கட்டும் தன் டைவ் கம்ப்யூட்டரை அவனுக்குக் கொடுத்தாள். மெல்பர்னில் இருக்கும் அண்ணன் அனுப்பியது. சிலிண்டர் வாயில் பூட்டும் ரெகுலேட்டரில் சுருட்டு அளவில் ஒரு கருவியைத் திருக வேண்டும். அது அழுத்தத்தை அளந்து, கம்பி இல்லாமலே கைக்கடிகாரத்துக்குச் சொல்லும். அதே ரெகுலேட்டரின் இன்னொரு துளையிலிருந்து ஒரு குழாய் போய், கழகத்தின் பழைய முள் மீட்டரில் முடியும்.

“அது அலங்காரத்துக்கு இருக்கட்டும். மார்க் முள்ளுக்குத்தான்,” என்றார் வீரசிங்கம் சார். வார நாளில் அரசாங்க உத்தியோகம், வார இறுதியில் எங்கள் பயிற்சியாளர்.

நாற்பதாவது நிமிடம் வாசு மேலே வந்தான். சார் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

“ஐம்பத்தாறு. பாஸ் தம்பி.”

“சார், வாட்ச்சுல நாப்பத்தேழுன்னு காட்டுது,” என்றாள் புனிதவதி. அவள் பொய் சொல்லாததைத் தவிர வேறு குறை இல்லாதவள்.

“பேட்டரி சாமான் லா, அப்படித்தான் இருக்கும். முள்ளுக்குப் பேட்டரி உண்டா?”

“அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றேன் நான். அவள் என்னைவிட இரண்டு மாதம் இளையவள்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வாசுவின் அப்பா ரெங்கசாமி, செந்தூல் ரயில்வே பட்டறையில் கொதிகலன் மீட்டர்களைப் பார்த்தே முப்பது வருடம் கழித்தவர். எந்த முள்ளையும் விரலால் இரண்டு தட்டு தட்டாமல் படிக்க மாட்டார். ஒருமுறை கிளினிக்கில் டாக்டரின் இரத்த அழுத்த மீட்டரையே தட்டினார் என்று வாசு சொல்லியிருக்கிறான். அந்த வீட்டில் வளர்ந்த விரல், யாரையும் கேட்காமல், மீட்டரின் கண்ணாடியை இரண்டு முறை தட்டியது.

முள் சற்று நடுங்கியது. பிறகு நிதானமாக 48-க்கு இறங்கி உட்கார்ந்தது.

வாசு தன் விரலைப் பார்த்தான். எட்டி உதைக்கும் தூரத்தில் நான் இல்லை.

“எதுக்குடா தட்டின?” என்றேன்.

“பழக்கம்.”

சார் நோட்டில் எழுதியிருந்த 56-ஐ நெடுநேரம் பார்த்தார். “சனிக்கிழமை கிள்ளானுக்குப் போவோம். அதுவரைக்கும் பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல.”

கிள்ளானில் வேலாயுதம் அண்ணனின் பட்டறை தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பது. அவரிடம் முத்திரை வைத்த ஒரு மூல மீட்டர் இருந்தது. மற்ற மீட்டர்கள் சரியா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார். எங்கள் ரெகுலேட்டரை அப்படியே மேசையில் பூட்டி, 120-க்கு ஏற்றி, மெதுவாக இறக்கினார். வாசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

மூல மீட்டர் 50 காட்டியபோது புனிதவதியின் கடிகாரம் 49 என்றது. எங்கள் முள் 59 என்றது.

வேலாயுதம் அண்ணன் முள்ளைத் தட்டினார். அது 51-க்கு வந்தது.

“என்னா சார் இது, கவர்மெண்டு ஃபைலு மாதிரி இருக்கு. யாராச்சும் தட்டினாத்தான் நகருது.”

“நான் கவர்மெண்டுலதான் இருக்கேன்,” என்றார் சார்.

“தெரியும் சார். அதான் சொன்னேன்.”

அண்ணன் மீட்டரைத் திறந்து காட்டினார். உள்ளே உப்புப் படிந்திருந்தது. அழுத்தம் குறையும்போது முள் பின்தங்கி நிற்கிறது, எட்டொன்பது பார் கூடுதலாகப் பொய் காட்டுகிறது என்றார். அந்தப் பொய்யை நம்பி நாங்கள் கடலுக்குள் போயிருப்போம்.

திரும்பும் வழியில் சார் காரை ஓரமாக நிறுத்தி நோட்டை எடுத்தார். “வாசு, உன் மூணாவது டெஸ்ட் கேன்சல். கோளாறான மீட்டர்ல வச்சது டெஸ்ட் இல்ல. திரும்ப வைப்போம்.”

வாசு தலையாட்டினான். பின்சீட்டில் அவன் மூச்சு பழைய மாதிரி கேட்டது.

“அப்புறம்,” என்றார் சார், பக்கத்தைத் திருப்பி, “அறுபதுக்குக் கீழ பாஸானவங்க எல்லாருக்கும் திரும்ப டெஸ்ட். நம்ம கழகத்து விஜயன், ஐம்பத்தெட்டு. நானும் விதிவிலக்கு இல்ல, ஐம்பத்தஞ்சு.” கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “நீ, ஐம்பத்திமூணு.”

“அந்த அக்காவை யாரு வாயத் திறக்கச் சொன்னா?” என்றேன். புனிதவதி சன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு நான்கு பேரும் அவள் கடிகாரத்தோடு ஒருவர்பின் ஒருவராக இறங்கினோம். சார் 57. விஜயன் 54. வாசு மேலே வந்து, தானே பார்க்கத் துணிவில்லாமல் கையைச் சாரிடம் நீட்டினான். 52. அவன் மணிக்கட்டைச் சார் உடனே விடவில்லை.

நான் 44. கடிகாரத்தின் கண்ணாடியை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். 44 அப்படியே நின்றது. எனக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு மிச்சம் என்றும், பயணம் அதற்கு முந்தியே என்றும் சார் ஆறுதல் சொன்னார்.

தீவுக்குப் படகு ஏறும் கோலா பெசுட்டுக்குப் போகும் பஸ் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டது. நான் பைகளை ஏற்றிக் கொடுத்தேன். வாசு முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தான். டீசல் அரை டாங்கி இருப்பதாக முள் காட்டியது. அவன் கை தானாக நீண்டது.

பஸ் முதலில் எண்ணெய் நிலையத்துக்குப் போனது.