தோப்புக்குள் கேட்ட தமிழ்

முதல் அடி முதுகில் விழுந்தபோது மாடு முட்டிவிட்டது என்றுதான் கிருபானந்தம் நினைத்தான். டீக்கடை வாசலில் எப்போதும் இரண்டு மூன்று மாடுகள் நின்றுகொண்டிருக்கும். வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக விழுந்து, புரண்டு பார்த்தபோது முகத்துக்கு நேரே ஒரு ஹாக்கி மட்டை தெரிந்தது. அதைப் பிடித்திருந்தவன் சூரியபிரகாஷ்.

"எழுந்திருடா புலி" என்றான் சூரியபிரகாஷ். "எழுந்து நில்லு."

பின்னால் ஐந்தாறு பையன்கள். எல்லார் பனியனிலும் சூரியபிரகாஷ் நடத்தும் ராணுவப் பயிற்சி அகாடமியின் பெயர். விடியலில் மைதானத்தைச் சுற்றி ஓடிய வியர்வை இன்னும் காயவில்லை. கிருபானந்தம் எழுவதற்காக வலது கையைத் தரையில் ஊன்றினான். ஊன்றிய கை மேல் ஒருவன் பூட்ஸ் காலோடு ஏறி நின்றான். மணிக்கட்டுக்குள் ஏதோ மளுக்கென்று விலகியது. அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமானது. அடுத்தவர்கள் கையில் பலமுறை கேட்டிருக்கிறான்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் அவன் நர்ஸ். மனைவி சாராவுக்கு இந்த ஊர்ப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்ததால் இங்கே வாடகைக்கு வந்தவன். பள்ளிகொண்டாவிலிருந்து உள்ளே போனால் வரும் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். பட்டாளத்துக்குப் போகாதவர்களைக் காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து ஆம்பூர் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

கிருபானந்தத்துக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சினிமாவோ கிரிக்கெட்டோ இல்லை. எண்பத்தேழில் இலங்கைக்குப் போன அமைதிப்படை. அந்தச் சண்டையைப் பற்றி யார் எழுதியிருந்தாலும் படிப்பான். அதிகாரிகள் எழுதியதைப் படிப்பான், இயக்கத்தில் இருந்தவர்கள் எழுதியதைப் படிப்பான், யாழ்ப்பாணத்துக்காரர்கள் அழுதுகொண்டே பேசும் வீடியோக்களை பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்பான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாது. தமிழ் பேசும் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு தமிழ் பேசும் ஊருக்குள் நுழைந்தால் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்ற ஒரே கேள்வி கல்லூரி நாட்களில் அவனைப் பிடித்தது. பிறகு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் நவீன்குமார் ஈழ ஆதரவாளன். "ராணுவத்துக்காரனுக்காக உருகுறியே, வெக்கமா இல்ல?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டான். ஊரிலோ கிருபானந்தத்துக்குப் புலி டாக்டர் என்று பெயர். முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. "இன்னா புலி டாக்டரே, டூட்டிக்கா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போவான்.

அந்த ஊரிலிருந்து அமைதிப்படைக்குப் போய்த் திரும்பாதவன் வேலாயுதம். பிணம் பெட்டியில் வந்தது. அப்போது அவன் மனைவி செண்பகத்துக்கு இருபது வயது. வயிற்றில் இருந்த பிள்ளைதான் சூரியபிரகாஷ். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துத் தைத்து அவனை ஆளாக்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காத பையன், அப்பாவின் கதையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தான். வேலாயுதம் தனியாக நின்று எட்டுப் பேரைச் சுட்டுவிட்டு மார்பில் குண்டு வாங்கிச் செத்தான் என்பது கதை. யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் நினைவு நாள் பேனரில் அது அச்சாகி அச்சாகி உண்மையாகிவிட்டது. அகாடமியில் சேரும் ஒவ்வொரு பையனும் அந்தப் பேனர் முன்னால் நின்று சல்யூட் அடித்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குவான்.

செண்பகம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள கிருபானந்தத்தின் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் கையில் பட்டை சுற்றியிருக்கும்போதே கேட்டாள்.

"தம்பி, நீங்க அந்தச் சண்டையப் பத்தி நெறைய படிக்கிறீங்களாமே?"

"ஆமாங்கம்மா."

"பெட்டியத் தெறக்க வுடல தம்பி. மூஞ்சியக் கூட காட்டல. எப்படிப் பூட்டாருன்னு எனக்குத் தெரியணும். அந்த எட்டுப் பேரு கதைய நான் நம்பல. ஒரு கோழியக் கூட அறுக்க மாட்டாரு அவரு." பட்டை இறுகி அவள் விரல்கள் சிவந்திருந்தன. "பெருமாளண்ணன் கூடத்தான் இருந்தாரு. நான் கேட்டா எழுந்து பூடறாரு. நீங்க கேட்டுப் பாருங்க. எம்மவனுக்கு மட்டும் தெரிய வேணாம்."

கிருபானந்தம் பெருமாள் வீட்டுக்குப் போனான். பெருமாள் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். முதல் தடவை செருப்பைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது தடவை, "அது ஒனக்கு எதுக்குப்பா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது தடவை எழுந்து உள்ளே போனவர், அன்றைக்கே மயங்கி விழுந்துவிட்டார். பேரன்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். புலி டாக்டர் வந்து கேள்வி கேட்டதுதான் காரணம் என்று ஊரில் சொன்னதும் அவன்தான்.

அதே வாரத்தில் அகாடமிப் பையன் ஒருவன், பஸ்ஸில் கிருபானந்தம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் போனில் ஓடிய வீடியோவைத் தலைப்போடு படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள், இந்திய ராணுவம் தன் அண்ணனைக் கொன்றது என்று சொல்லி அழுகிற வீடியோ. நம்ம ஊர்ல சோறு தின்னுக்குனு நம்ம ஆளுங்களுக்கே குழி தோண்டுறான், வெளிநாட்டுலேருந்து காசு வருது என்று அதன் கீழே எழுதியிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் சூரியபிரகாஷ் மட்டையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்திருந்தான்.

"யாருடா ஒனக்குக் காசு குடுக்கறான்? சொல்றா!"

மட்டை விலாவில் இறங்கியது. மூச்சு உள்ளே போகவில்லை. கிருபானந்தம் வாயைத் திறந்து காற்றைத் தேடினான். டீக்கடையில் கிளாஸோடு நின்றவர்கள் ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"பெருமாள் பெரியப்பாகிட்ட இன்னா கேட்ட? எங்கப்பாவப் பத்தி இன்னா கேட்ட?"

சொல்லிவிடலாம். உங்க அம்மாதான் கேக்கச் சொன்னாங்க என்ற ஒரு வரி போதும். கிருபானந்தத்தின் நாக்கு நுனி வரை வந்தது. செண்பகத்தின் சிவந்த விரல்கள் நினைவில் வந்தன.

"எப்படி செத்தாருன்னு கேட்டேன்" என்றான். "அவ்ளோதான்."

"எப்படி செத்தாருன்னு ஊருக்கே தெரியும்டா!"

அடுத்த அடி தாடையில். வாய் முழுக்க உப்புக் கரித்தது. ஒரு பல் நாக்கில் கிடந்தது. பையன்கள் காலால் உதைத்தார்கள், இடுப்பில், தொடையில், முதுகில். யாரோ ஒருவன் அவன் வண்டியின் மேல் கல்லைத் தூக்கிப் போட்டான். கண்ணாடி நொறுங்கியது. கிருபானந்தம் தலையை இரண்டு முழங்கைகளுக்குள்ளும் புதைத்துக்கொண்டு சுருண்டான். மண்டையை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், மற்றது எதுவானாலும் தைத்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் செண்பகத்தின் குரல் கேட்டது. தெருக்கோடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"டேய் வுட்றா! வுட்றா அவர! நான்தான்டா கேக்கச் சொன்னேன்! நான் சொல்லித்தான் அவரு போனாரு!"

சூரியபிரகாஷ் மட்டையை ஏற்கெனவே தலைக்கு மேல் ஓங்கியிருந்தான். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிருபானந்தத்தின் மேல் குனியவும், மட்டை இறங்கவும் சரியாக இருந்தது. நிறுத்த முடியாமல் இறங்கியதா, அவள் சொன்னதைக் கேட்டுவிட்ட ஆத்திரத்தில் இறங்கியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் காதுக்கு மேலே தோல் பிளந்து, ரத்தம் கொட்டி, ஜாக்கெட் தோளெல்லாம் நனைந்தது. சத்தமில்லாமல் கிருபானந்தத்தின் மேலேயே சரிந்தாள்.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கிருபானந்தம் மட்டும் நிற்கவில்லை. இடது கையால் அவள் முந்தானையைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினான்.

"நீ, இங்க வா" என்று தன் கையை மிதித்த பையனைக் கூப்பிட்டான். வாயிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுகப் பேசினான். "இங்க அமுக்கு. எடுக்காத. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. நீ ஆட்டோ கொண்டா. தலைய ஆட்டாம தூக்குங்க."

அவனை உதைத்த கால்கள் ஆட்டோவுக்காக ஓடின. சூரியபிரகாஷ் மட்டையைப் பிடித்தபடியே நடுத்தெருவில் நின்றான். ஆட்டோ கிளம்பும் வரை அவன் நகரவில்லை.

கிருபானந்தம் வேலை செய்த வார்டிலேயே இரண்டு பேரையும் படுக்க வைத்தார்கள். செண்பகத்துக்குத் தலையில் தையல். அவனுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு, இரண்டு விலா எலும்பில் விரிசல். விசாரணைக்கு வந்த எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் அடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"எந்த இயக்கம்பா நீ?" என்றுதான் கேட்டார்.

சாரா பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள்.

"சார், அடிபட்டு படுத்துனு இருக்கறவரு இவரு. இவரப் போய் கேக்கறீங்களே?" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

எஸ்.ஐ. தோளைக் குலுக்கிக்கொண்டு அவன் போனை வாங்கிப் போனார்.

மறுநாள் மதியம் பெருமாள் வந்தார். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, செண்பகத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். சூரியபிரகாஷும் அங்கே இருந்தான். போலீஸ் இன்னும் அவனைப் பிடிக்கவில்லை. அவன் ஒளியவும் இல்லை. அம்மாவின் கால்மாட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். கிருபானந்தம் எதிர்க் கட்டிலில்.

"ஒனக்கு அடிபட்டதுக்கு நான்தாம்மா காரணம்" என்றார் பெருமாள். "நான் சொல்லிட்டிருந்தா இது நடந்திருக்காது."

"இப்ப சொல்லுங்கண்ணா."

பெருமாள் சூரியபிரகாஷைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு தென்னந்தோப்பு. நாங்க எல்லாம் சுவத்துக்கு இந்தாண்ட கவுந்து படுத்துனு இருந்தோம். வேலாயுதம் முன்னால பூட்டான். வயித்துல குண்டு பட்டுது. விழுந்துட்டான். ரெண்டு பக்கமும் சுட்டுனே இருக்கறாங்க, தலையத் தூக்க முடியல. 'தண்ணி, தண்ணி'ன்னு கத்தினே இருந்தான். எங்க செக்ஷன்ல தமிழ் ஆளு நாங்க ரெண்டு பேருதான். மத்தவனுங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுது. நான் போகலம்மா. கையி காலு வரல எனக்கு."

செண்பகம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோப்புக்கு அந்தாண்ட ஒரு வீடு. அதுலேருந்து ஒரு பொம்பள வந்துச்சு. அந்த ஊரு பொம்பள. செம்புல தண்ணி எடுத்துனு, குனிஞ்சி குனிஞ்சி, 'வாறன் தம்பி, வாறன்'னு சொல்லினே வந்துச்சு. நம்ம பாஷையக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கும். கிட்ட போய் உக்காந்துச்சு. அப்புறம் அதுவும் சாஞ்சிடுச்சு. யாரு சுட்டது, அவனுங்களா, நாங்களா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"பொய்!" என்று எழுந்தான் சூரியபிரகாஷ். "பொய் சொல்றாருமா! எட்டுப் பேரச் சுட்டாரு எங்கப்பா!"

பாய்ந்து பெருமாளின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினான். குளுக்கோஸ் ஸ்டாண்டு சாய்ந்து பாட்டில் உடைந்தது. கிழவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. தலை மறுபடி சுவரில் மோதியது. கண் செருகியது. கிருபானந்தம் கட்டிலிலிருந்து குதித்து, மாவுக்கட்டுக் கையை சூரியபிரகாஷின் தொண்டைக்குக் குறுக்கே போட்டுப் பின்னால் இழுத்தான். உடைந்த எலும்பில் வலி தோள் வரை ஏறி, கண் இருட்டியது. விடவில்லை. நவீன்குமாரும் செக்யூரிட்டி ஆட்களும் ஓடிவந்து பிடித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

தரையில் முழங்காலால் அழுத்திப் பிடிக்கப்பட்டுக் கிடந்த மகனைச் செண்பகம் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணா" என்றாள். "அவரு அந்தத் தண்ணியக் குடிச்சாரா?"

பெருமாள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"தெரியலம்மா. நான் மூஞ்சிய மண்ணுல வச்சினு இருந்தேன்."

அவள் முதல் தடவையாக அழுதாள். அழுது முடித்துவிட்டு, சாயங்காலம் மறுபடி வந்த எஸ்.ஐ.யிடம், "இவர அடிச்சது எம்மவன். என்னிய அடிச்சதும் அவன்தான். எழுதிக்கங்க" என்றாள். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வந்தபோதும் அதை மாற்றவில்லை.

சூரியபிரகாஷ் சில வாரங்கள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தான். அம்மாவோடு பேசுவதில்லை. அகாடமி நடக்கிறது, பேனரும் இருக்கிறது. தாயையும் மகனையும் பிரித்தவன் என்று இப்போது கிருபானந்தத்துக்கு ஊரில் புதுப் பெயர். அவன் இல்லாத நேரத்தில் யாரோ வண்டியைக் கொளுத்தினார்கள். சாரா மாற்றல் வாங்கினாள். இரண்டு பேரும் வேலூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அவன் வலது மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை. ஊசி போட இடது கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறான். நவீன்குமார் மட்டும் ஒருநாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, "அந்தப் பொம்பளயப் பத்தி இன்னும் எதுனா தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

செண்பகமும் அதைத்தான் கேட்டு பஸ் பிடித்து வந்தாள். வெட்டுப்பட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. புடவைத் தலைப்பால் மறைத்திருந்தாள்.

"அவங்க பேரு இன்னா தம்பி?"

"தெரியலம்மா. தோப்பு எந்த ஊர்லன்னே பெருமாள் ஐயாவுக்கு நெனப்பு இல்ல. இலங்கைப் பக்கத்து ஆளுங்ககிட்ட போன்ல கேட்டுனு இருக்கேன். சில பேரு நான் ராணுவத்து உளவாளின்னு சொல்லி திட்டிட்டு வச்சிட்டாங்க."

"திட்டட்டும்" என்றாள் செண்பகம். "அவங்களுக்கும் புள்ளைங்க இருந்திருக்கும். தண்ணி எடுத்துனு போன அம்மா ஏன் திரும்பி வரலன்னு அதுங்களும் கேட்டுனுதான் இருக்கும். நீங்க தேடுங்க."

போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த போனை அவன் எடுத்து, இடது கையால் மெதுவாக, அன்றைக்கு மறுபடி ஒரு எண்ணை அழுத்தினான். அவள் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் யாராவது எடுக்கிறார்களா என்று காதைக் கொடுத்தாள்.