மீன்பெட்டி மூடியில் ஒரு குழி

பட்டர் கேக்குக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்த மதலேனா, கைதுடைக்கத் துணியை எட்டி எடுத்தபோதுதான் அதைக் கண்டாள். கண்ணாடிக்குக் கீழே, சாமான் வைக்கிற மீன்பெட்டி மூடியின் வலப்பக்கக் கடைசிக் குழியில், ஜெனிற்றாவின் லிப்ஸ்ரிக் நின்றுகொண்டிருந்தது. கறுப்பு மூடி, தங்கக் கோடு. ஜெனிற்றாவை அடக்கம் செய்தது முந்தின நாள் பின்னேரம். அவளோடு சவப்பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய சாமான் இது. உடைத்த முட்டையைக் கோப்பையில் விடாமல் நிலத்தில் விட்டாள் மதலேனா.

தாழ்வுபாடு என்கிற அந்தக் கடற்கரை ஊரில் மணப்பெண்ணுக்கு முகம் அலங்கரிப்பதும் மதலேனாதான், அதே கலியாணத்துக்குக் கேக் அடிப்பதும் மதலேனாதான். இரண்டு தொழிலுக்கும் வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கிடுகுக் கூரை இறக்கிய ஒரே பத்தி. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று புருஷன் எமிலியானுஸோடு மல்லுக்கட்டி வாங்கிய பத்தி அது. ஒரு பக்கம் கேக் சுடுகிற அவணும் மாப்பலகையும், மறுபக்கம் நிலைக்கண்ணாடியும் ஒரு கதிரையும். நடுவில் ஆள் திரும்ப இடமில்லை. ஐசிங் சீனியும் முகப்பவுடரும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். "ஒருநாளைக்குப் பொம்பிளைக்கு ஐசிங்கைப் பூசிப்போட்டு, கேக்குக்குப் பவுடர் போடப்போறாய்" என்று எமிலியானுஸ் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு சொல்லுவான். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. மதலேனாவின் ஒழுங்கு அப்படி.

அந்த ஒழுங்கின் சிகரம் அவன் எறிந்த மீன்பெட்டியின் மூடி. ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி உடைந்துபோக, மூடியை எடுத்துத் தேசிக்காய் தேய்த்து வெயிலில் காயவிட்டு, கரண்டியைச் சுடவைத்து வரிசை வரிசையாகக் குழி போட்டிருந்தாள். லிப்ஸ்ரிக்குக்கு ஒரு வரிசை, பென்சிலுக்கு ஒன்று, தூரிகைகளுக்கு ஒன்று. எந்தச் சாமானுக்கு எந்தக் குழி என்பது கைக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் வைப்பேன் என்று வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமையடிப்பாள்.

இன்னொரு பெருமையும் இருந்தது. மணப்பெண்ணின் உதட்டில் என்ன நிறமோ, கேக்கின் மேல் அதே நிறத்தில் ரோசாப்பூ. கலியாணக் கேக்கின் அடுக்குகள் ரெஜிபோமில் செய்து ஐசிங் போர்த்தவை, வெட்டுவதற்கென்று கீழே ஒரு துண்டு மட்டும்தான் அசல் கேக். அடுக்குப் பொய்யென்றாலும் மதலேனாவின் பூ பொய்யில்லை என்று பேசாலை ஊர் வரைக்கும் பேர்.

ஜெனிற்றாவுக்கும் அப்படித்தான் செய்வதாக இருந்தது. கோவிலுக்குப் பின்பக்கத்து அருளம்மாவின் மூத்த பெண். இத்தாலியில் இருக்கிற தமையன் அனுப்பிய லிப்ஸ்ரிக்கோடு ஒத்திகை பார்க்க வந்தாள். மாதுளை முத்தைக் கசக்கியது போல ஒரு நிறம். சின்ன வயதில் வள்ளத்தின் விளிம்பில் விழுந்து அவளுடைய கீழுதடு நடுவில் பிளந்து ஆறியிருந்தது. அந்தத் தழும்பில் மட்டும் எந்தச் சாயமும் ஒட்டாது. வாய் துடைக்கிற ரிசுக் கடதாசியில் உதட்டை ஒற்றினால், சிவப்புக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும். மதலேனா எத்தனை விதமாக நிரப்பிப் பார்த்தும் விழுந்தது. "விடுங்கோ அன்ரி, அது என்ர கையெழுத்து" என்று ஜெனிற்றா சிரித்தாள். வீட்டில் வைத்தால் தங்கச்சிமார் பூசித் தீர்த்துவிடுவார்கள் என்று லிப்ஸ்ரிக்கை மதலேனாவிடமே விட்டுவிட்டுப் போனாள். மதலேனா அதற்கென்று ஒரு புதுக் குழி போட்டாள்.

கோவிலில் மூன்று ஞாயிறும் கலியாணம் கூறி முடிந்த கிழமையில் ஜெனிற்றாவுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல் என்றார்கள். கலியாணத்துக்குத் தைத்த வெள்ளை உடுப்பும் தலைக்கு வைக்கிற முடியும் முக்காட்டு நெற்றும் போட்டுத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று அருளம்மா பிடிவாதமாக நின்றாள். கன்னியாய்ப் போகிற பிள்ளையை மணவாட்டியாக அனுப்புவது ஊர் வழக்கம்தான். மதலேனா மூடியோடு சாமான்களைக் கொண்டுபோய், அழாமல் எல்லாம் செய்தாள். குளிர்ந்த உதட்டிலும் அந்தத் தழும்பு சாயத்தை வாங்கவில்லை.

செத்தவருக்குத் தொட்ட சாமான் ஒன்றும் வீட்டுக்குத் திரும்பக்கூடாது. சீப்பு, பவுடர், பஞ்சு, தூரிகை எல்லாம் தலையணைக்குக் கீழே வைத்துப் பெட்டியோடு போகவேண்டும். பெட்டி மூட முதல் அருளம்மா அவள் கையைப் பிடித்தாள். "எல்லாத்தையும் பிள்ளையோட வச்சிட்டியோ மதலேனா? மிச்சம் விட்டால் தேடி வருவினம்." ஓம் அக்கா என்றாள் மதலேனா. வைத்துவிட்டதாகத்தான் நினைத்தாள். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும். கண் பிள்ளையின் முகத்தில் இருக்க, கை தன்பாட்டில் லிப்ஸ்ரிக்கை அதன் குழியில் கொண்டுபோய் நட்டிருக்கிறது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அருளம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பிலோமி.

பிலோமி மதலேனாவின் தங்கச்சி. சண்டையில் மடுக் கோவிலுக்கு இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் தாய் கண்ணை மூட, மதலேனாவின் இடுப்பில் ஏறிய பிள்ளை. பேசிய சம்பந்தங்கள் இரண்டு குழம்பிப்போயின. ஒருவன் படகேறி இராமேஸ்வரம் போனவன், அங்கேயே குடியும் குடித்தனமுமாகிவிட்டான். மற்றவன் வீட்டார் காரணமே சொல்லவில்லை. முப்பது தாண்டிய பிறகு இப்போதுதான் பேசாலைக் கிறகரி, நல்ல பிழைப்பும் பொறுமையும் உள்ளவன், வாய்த்திருந்தான். அந்தக் கலியாணம் வாற மாதம். செத்த பெண்ணின் சாமான் மணப்பெண் இருக்கிற வீட்டில் நிற்கிறது என்று ஊரில் ஒரு வாய்க்குத் தெரிந்தாலும் போதும். அதைவிட, பிலோமிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை மதலேனாவால் நினைக்க முடியவில்லை. ஜெனிற்றாவை அடக்கிய சேமக்காலைக்குப் போகும்போது புதைத்துவிடலாம் என்று, லிப்ஸ்ரிக்கைத் துணியில் சுற்றி ஐசிங் குழல்கள் போடுகிற தகரத்துக்குள் அடியில் வைத்தாள்.

அடுத்த நாள் விடிய அது குழியில் நின்றது.

எமிலியானுஸிடம் மட்டும் சொன்னாள். அவன் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நீதான் வச்சனி, வச்சதை மறந்துபோனாய் என்றான். மதலேனாவும் அதைத்தான் நம்ப விரும்பினாள். அடுத்த முறை அரிசிச் சாக்குக்குள் புதைத்தாள். அன்றைக்கு கோவிலில் முதல்நன்மை வாங்குகிற ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் பணிஸ் சுட்டாள், கையெல்லாம் மா. வெயில் ஏறிய நேரத்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பினால், கடைசிக் குழியில் கறுப்பு மூடி. கிட்டப் போய்ப் பார்த்தாள். மூடியில் மாப் படிந்த விரல் அடையாளங்கள். தன் விரலை வைத்துப் பார்த்தாள், சரியாகப் பொருந்தியது. கை அவளுடையதுதான். வைத்த நினைவுதான் அவளிடம் இல்லை. பேய் வந்து வைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு தன் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தாள். மா குழைக்கும்போது, முட்டை அடிக்கும்போது, பிலோமியின் தலையை வாரும்போது. தெற்கே கடலிலிருந்து வீசும் சோளகக் காற்று பத்தியின் கிடுகை ஆட்டி மணலைக் கொண்டுவந்து சாமான்களின் மேல் போடும். துடைக்கப் போனால் கை அந்தக் கடைசிக் குழியில் வந்து நிற்கும்.

ஒருநாள் சந்தைக்குப் போய் வந்தபோது பிலோமி கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். கடைசிக் குழியில் நின்றதை எடுத்துப் பூசியிருந்தாள், உதட்டில் மாதுளை நிறம்.  மதலேனா ரிசுக் கடதாசியை எடுத்து நீட்டினாள், பிலோமி ஒற்றிக் கொடுத்தாள். மதலேனா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலுதடும் கீழுதடும் முழுசாக விழுந்திருந்தன. ஒரு கோடும் இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

"எனக்குக் கலியாணத்துக்கு இதுதான் வேணும் அக்கா. இவ்வளவு நல்லதை ஏன் சொல்லாமல் வச்சிருந்தனீங்கள்?"

"அது வேண்டாம். உன்ர நிறத்துக்குச் சரிவராது."

"ஊரில இருக்கிற பெட்டையள் எல்லாருக்கும் கேட்ட நிறம் பூசினனீங்கள். எனக்கு மட்டும்தான் சரிவராதோ?"

பிலோமி முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.  உண்மையைச் சொன்னால் கோபம் ஆறும், ஆனால் அந்த உண்மையை உதட்டில் வைத்துக்கொண்டு அவள் எப்படிக் கோவிலுக்குப் போவாள்? மதலேனா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம், வேலைக்கு வந்தவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், லிப்ஸ்ரிக்கை முந்தானையில் முடிந்துகொண்டு சேமக்காலைக்குப் போனாள். மதில் நிழலில் கழுதைகள் இரண்டு கண்ணை மூடி நின்றன. ஜெனிற்றாவின் சிலுவையில் பூமாலை காய்ந்து சருகாகியிருந்தது. கிண்ட ஒன்றும் கொண்டுவரவில்லை, இடுப்பில் செருகியிருந்த ஐசிங் தடவுகிற தட்டைக் கத்தியால் மணலைத் தோண்டினாள். மேல்மணல் சுட்டது, கீழ்மணல் ஈரமாய்க் குளிர்ந்தது. முழங்கை வரைக்கும் கையை விட்டு லிப்ஸ்ரிக்கை வைத்தாள். "பிள்ளை, உன்ர சாமான். நான் வேணுமெண்டு எடுக்கேல்லை. அவளுக்கு இப்பதான் ஒரு வழி பிறந்திருக்கு, விட்டிடு" என்றாள். மெழுகுதிரி கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைத்தது. கடைசியில் கொளுத்தாமலே நட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தக் குழியை ஐசிங்கால் அடைத்து மட்டமாய் வழித்துவிட்டாள். காய்ந்ததும் குழி இருந்த இடமே தெரியவில்லை. மனம் லேசாகிப் பாட்டு ஒன்றுகூட முணுமுணுத்தாள். பிலோமிக்கென்று தெரிந்தெடுத்த இளரோசா நிறத்தில், ஒரு சொட்டுச் சாயம் மட்டும் விட்டு, கேக்குக்குப் பூக்கள் பிழிந்து தட்டில் காயவைத்தாள். அருமையாக வந்திருந்தன.

விடிய வந்து துணியை நீக்கினால் தட்டு முழுக்க மாதுளை நிறம்.

ஐசிங் ஊற ஊற நிறம் கூடும், அது கேக் அடிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு சொட்டுக்கு இவ்வளவு கூடி அவள் கண்டதில்லை. கண்டதில்லை என்று நின்று யோசிக்கவும் நேரமில்லை. பூக்களை ஒதுக்கி வைத்துவிட்டு வெள்ளையில் அவசரம் அவசரமாகப் பிழிந்து அடுக்குகளில் ஒட்டினாள். தலையில் சுருள்களோடு எட்டிப் பார்த்த பிலோமியின் முகம் விழுந்துபோயிற்று.

"எல்லாரின்ர கேக்கிலயும் நிறப்பூ. என்ர கேக் மட்டும் செத்தவீட்டுக் கேக் மாதிரி."

சொல்லிவிட்டு, ஒதுக்கிய தட்டிலிருந்து ஒரு பூவை, இருந்ததில் வடிவானதை, எடுத்து வெட்டுகிற துண்டின் மேல் தானே வைத்தாள். மதலேனாவின் கை எழுந்தது. பிறகு தாழ்ந்தது. கலியாண நாளும் அதுவுமாகப் பிள்ளையை அழவைக்க மனம் வரவில்லை. ஒரு பூதானே என்று நினைத்தாள்.

மிச்சம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. இளரோசா உதட்டோடு பிலோமி பீடத்துக்கு முன்னால் நின்று, சுவாமி கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னாள். கிறகரியும் அவளும் மோதிரம் மாற்றினார்கள். மதலேனா பின்னாலுள்ள வாங்கில் இருந்து வாய்விட்டு அழுதாள். எமிலியானுஸ்கூட மூக்கைச் சிந்தினான். தாயில்லாப் பிள்ளையைக் கரைசேர்த்துவிட்டோம் என்று அவர்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது.

வீட்டுப் பந்தலில் கேக் வெட்டினார்கள். கிறகரியின் கூட்டாளிமார் பகிடிக்காரர். பூவோடு தீத்து, பூவோடு தீத்து என்று கத்தினார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே துண்டைப் பூவோடு பிலோமியின் வாயில் வைத்தான். பிலோமி கடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். படம் பிடிப்பவன் நிமிரச் சொன்னான், அவள் நிமிர்ந்தபோது உதடு இரண்டும் மாதுளை நிறமாயிருந்தன.

மதலேனா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் ரிசுக் கடதாசியைக் கொடுத்தாள். சாயம்தான், சாப்பிடுகிற சாயம், துடைத்தால் போய்விடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிலோமி இரண்டு உதட்டுக்கும் நடுவே கடதாசியை வைத்து அழுத்தி ஒற்றித் திருப்பிக் கொடுத்தாள். "போச்சுதோ அக்கா?" போகவில்லை. மதலேனா பந்தல் காலோடு ஒதுங்கி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, கடதாசியை விரித்தாள். மேலுதடு முழுசாக விழுந்திருந்தது. கீழுதட்டில், சரி நடுவில், மெல்லிசாய் ஒரு வெள்ளைக் கோடு.

திரும்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த பிலோமியின் கீழுதட்டில் ஒரு தழும்பும் இல்லை. மடிப்பாய் இருக்கும் என்று கடதாசியைப் பந்தல் காலில் வைத்துப் பெருவிரலால் நீவினாள். திரும்பவும் நீவினாள். கடதாசி மடிப்பில்லாமல் நேராயிற்று. கோடு அப்படியே இருந்தது.

பின்னாலிருந்து பிலோமி, முகத்தைப் படம் பிடிப்பவன் பக்கமே வைத்துக்கொண்டு, இன்னொரு கடதாசிக்குக் கையை நீட்டினாள்.